குருவி என்ற பொத்தான்

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். வைத்தவன் பக்கத்து மேசைத் தாடி. நிரல் எழுதுகிறவன், தாடியைத் தவிர அவனிடம் நீளமான சங்கதி எதுவும் கிடையாது, பேச்சு உட்பட. திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் காட்டி, இது யாருக்குப் புரியும், இது யாருக்குப் புரியும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒரு நாள் அலுத்துப்போய் அந்தப் பெயரை வீசினான். ஒட்டிக்கொண்டது. பாராட்டா, திட்டா என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை. பெயர் என்று ஒன்று கிடைத்ததே அப்போது பெரிதாக இருந்தது.

அவர்கள் செய்துகொடுப்பது மருத்துவமனைகளுக்கான மென்பொருள். மருந்து, மருத்துவர், அறுவை சிகிச்சை போன்ற பெரிய விஷயங்களை வேறு நிறுவனங்கள் பார்த்துக்கொள்கின்றன. இவர்களுடையது பின்கட்டு வேலை. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போக வேண்டும், எந்தத் தள்ளுவண்டி எந்த மாடியில் நிற்கிறது, எந்த மெஷின் பழுது என்று சலவைக்கூடத்துச் சுவரிலும் சமையற்கூடத்துச் சுவரிலும் மாட்டிய தொடுதிரைகளில் காட்டுவது. அந்தத் திரைகளில் உள்ள சொற்கள் அவள் பொறுப்பு. பொத்தானில் என்ன இருக்க வேண்டும், தப்பாக அழுத்தினால் திரை என்ன சொல்ல வேண்டும், உதவிப் பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம். கல்லூரியில் மொழி படித்தவள். வீட்டில் முதல் பட்டம். இதைப் படித்து என்ன கிழிக்கப்போகிறாய் என்று கேட்ட உறவுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டதாக அவள் நினைத்த காலம் ஒன்று இருந்தது.

அம்மாவுக்கு அதே நகரத்தின் பெரிய மருத்துவமனையில் வேலை. நேர்காணலில் வீட்டைப் பற்றி விசாரித்தபோது அவள் அப்படித்தான் சொன்னாள்: அப்பா இல்லை, அம்மா மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். எதிரில் இருந்தவர், "ஓ, நர்ஸா, நல்லது" என்று தானே முடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அவள் திருத்தவில்லை. திருத்த அரை நொடி போதும். அந்த அரை நொடியை அவள் மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மா சலவைக்கூடத்தில் மடிப்பு மேசையின் பொறுப்பாளர். பத்தொன்பது வருடம். கூடம் தரைக்குக் கீழே இருந்தது. சரிவுப் பாதையில் மூட்டைகள் இறங்கும், தள்ளுவண்டிகளில் வெள்ளை மலைகள் ஏறும். ஒரு பக்கம் ஆறு பெரிய மெஷின்கள், நடுவில் உலர்த்திகள், கடைசியில் நீளமான இரும்பு மேசை. அந்த மேசையில் எட்டுப் பெண்கள் எதிரெதிரே நின்று விரிப்பின் நான்கு முனைகளைப் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிப்பார்கள். ஒரு விரிப்புக்குப் பதினொரு நொடி. கறை கண்டால் அதே வேகத்தில் தோளுக்குப் பின்னால் இருக்கும் கூடையில் விழும். அம்மாவின் கண்ணில் படாத கறை இன்னும் பிறக்கவில்லை என்று கூடத்தில் சொல்வார்கள்.

கூடத்துக்காரர்கள் மெஷின்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார்கள். நடுங்கிக்கொண்டே ஓடும் மூன்றாவது மெஷின் கிழவி. திடீரென்று நின்று சிவப்பு விளக்கு காட்டும் உலர்த்தி முசுடு. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் முடிப்பது மருமகள். கிழவி ஒரு நாள் நிரந்தரமாக நின்றுபோய், அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், அதே இடத்தில் புது மெஷின் வந்தது. புதுசும் நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் அதை யாரும் கிழவி என்று கூப்பிடவில்லை. இதை அம்மா வீட்டில் வந்து சொன்னபோது அவள் ஏன் என்று கேட்டாள். அம்மாவுக்கு அந்தக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "கிழவிதான் போயிட்டாளே. கிழவி கதவ ஓங்கி அடிச்சாத்தான் மூடும். புதுசு கதவ ஓங்கி அடிச்சா ஒடஞ்சுடும். அதே பேர வெச்சா புதுசா வர்றவ பழக்கத்துல அடிச்சுத் தொலைப்பாளே." புதுசுக்கு ரொம்ப நாள் பெயரே இல்லாமல் இருந்து, பிறகு எப்படியோ சீமாட்டி என்று ஆயிற்று. போன மெஷினின் பெயர் வந்த மெஷினுக்குக் கிடையாது. யாரும் எழுதி ஒட்டாத சட்டம் அது.

அவளுடைய நிறுவனத்தில் பெயர் வைக்கிற விதமே வேறு. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை எல்லோரும் கண்ணாடி அறையில் கூடுவார்கள். ஒட்டுத்தாள்களில் ஆளுக்கு நான்கு பெயர் எழுதிச் சுவரில் ஒட்டுவார்கள். திட்டத் தலைவர் சுவர் ஓரமாக நடந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். பிடிக்காததை உரித்துப் பந்தாக்குவார். பிடித்ததன் முன்னால் நின்று, "பளிச்சுனு இருக்கு" என்பார். அதனால் அவருக்குப் பளிச் என்று பெயர். முகத்துக்கு முன்னால் சார். நல்ல மனிதர். பிறந்தநாள்களை நினைவில் வைத்திருப்பார். சத்தம் போடமாட்டார். பொத்தானில் இரண்டு சொல் இருந்தால் மட்டும் முகம் சுருங்கும்.

வேலையில் சேர்ந்த முதல் மாதம் அவள் அந்தச் சுவரின் முன் நின்றாள். ஒரு ஷிஃப்ட் முடித்துப் போகிறவர்கள் அடுத்த ஷிஃப்ட்டுக்கு நாலு வரி எழுதி வைக்கிற வசதிக்கு அன்று பெயர் தேடினார்கள். மூன்றாவது மெஷின் ஒழுகுகிறது, ஐந்தாம் மாடி மூட்டை இன்னும் வரவில்லை, அப்படியான விஷயங்கள். அவள் முதலில் எழுதிய பெயர் அடுத்த ஷிஃப்ட்டுக்குக் குறிப்பு. பளிச் அதைப் படித்துவிட்டு, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்து அட்டை மாதிரி இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அவள் காது சூடாகிவிட்டது. பேனா கையில் இருந்தது. யோசிக்காமல் குருவி என்று எழுதி ஒட்டினாள்.

"பளிச்சுனு இருக்கு" என்றார் அவர்.

கைதட்டினார்கள். அதன் பிறகு அந்த நிறுவனத்தில் பறவைகள் வந்து குவிந்தன. எச்சரிக்கை மணிக்கு ஆந்தை. காத்திருப்போர் பட்டியலுக்குக் கொக்கு. திரும்பத் திரும்ப நினைவூட்டுவதற்கு மரங்கொத்தி. தாடி மட்டும் அவள் காதோரம் குனிந்து, "நாம சாஃப்ட்வேர் பண்றமா, சரணாலயம் நடத்துறமா?" என்று கேட்டான். அவள் சிரித்தாள். தன்னால் வந்த சரணாலயம் என்ற பெருமையும் அந்தச் சிரிப்பில் இருந்தது. முதல் வெற்றி. அது சரியான பெயர்தானா என்ற கேள்வியை அன்றைக்கு அவள் தன்னிடம் கேட்கவில்லை.

என்ன வேடிக்கை என்றால், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல பெயர் என்பதால் நிலைக்கவில்லை. அம்மாவின் கூடத்திலும் இவர்கள் திரைதான்; அங்கே பெண்கள் தினமும் உபயோகித்ததால் நிலைத்தது. மூன்று வருடத்தில் அது அவர்களின் சொந்தச் சொல்லாகிவிட்டது. "முசுடு மறுபடி மொரண்டு பண்ணுது, குருவி விட்டுட்டுப் போ" என்பார்கள். அம்மா வீட்டுக்கு வந்தால் இதுதான் பேச்சு. திரையில் அன்று படித்த வரிகளில் எவை மகள் எழுதியவை என்று கண்டுபிடித்துச் சொல்வது அம்மாவின் விளையாட்டு. எட்டாம் வகுப்போடு நின்ற அம்மா ஒரு தடவைகூடத் தவறியதில்லை. "'இயலவில்லை'ன்னு வந்தா வேற யாரோ. 'முடியவில்லை'ன்னு வந்தா நீ" என்பாள். அலுவலகத்தில் யாரும் அவள் எழுத்தை அந்த அளவுக்குப் படித்தது கிடையாது.

நான்காம் பதிப்பு வந்தது. அதில் ஒரு பெரிய வசதி: நிர்வாகமோ எந்தப் பிரிவோ தன் திரையிலிருந்து ஒரே தட்டில் மருத்துவமனையின் எல்லா வார்டுத் திரைகளுக்கும், வெளிநோயாளிகள் உட்காரும் கூடத்தின் பெரிய திரைக்கும் அறிவிப்பு அனுப்பலாம். விற்பனைக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார்கள். சுவரில் நூற்றுக்கு மேல் ஒட்டுத்தாள் ஏறியது. பளிச் ஒன்றின் முன்னும் நிற்கவில்லை. கடைசியில் திரும்பி, எதற்குப் புதுசாக ஒன்றைத் தேட வேண்டும், குருவி இருக்கிறதே என்றார். எல்லா மருத்துவமனையிலும் எல்லோருக்கும் தெரிந்த ஒரே பெயர் அதுதான். அதைப் பெரிய வசதிக்குக் கொடுத்துவிடலாம். பழைய ஷிஃப்ட் குறிப்பைப் பட்டியலில் கீழே தள்ளி, பணிப் பதிவு என்று போட்டுவிடலாம். அதை யார் பார்க்கிறார்கள்.

அவளுக்குக் கிழவி ஞாபகம் வந்தது. ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போனாள். ஒரு பெயரை ஒன்றிலிருந்து எடுத்தால் அதை இன்னொன்றுக்கு வைக்கக் கூடாது. கை பழைய இடத்துக்குத்தான் போகும். புதிய வசதிக்கு அது என்ன செய்கிறதோ அதையே பெயராக வைக்கலாம். ஒரு பெயரும் எழுதியிருந்தாள்: வார்டுகளுக்கு அறிவிப்பு. பளிச் பொறுமையாகப் படித்தார். அதுதான் அவருடைய குணம், எல்லாவற்றையும் பொறுமையாகப் படிப்பார்.

"இது பேர் இல்ல, விளக்கம்" என்றார். "நீங்கதானே குருவி கண்டுபிடிச்சீங்க? உங்க குழந்தைக்குப் பெரிய எடத்துல சம்பந்தம் பேசறேன், நீங்களே வேண்டாங்கறீங்களே."

அறை சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள். சிரித்த வாயால் மேற்கொண்டு சண்டை போட முடியவில்லை.

ஒன்று மட்டும் செய்தாள். அனுப்பும் முன் திரை ஒரு கேள்வி கேட்கும்படி எழுதினாள்: இந்தச் செய்தி எல்லா வார்டுகளுக்கும் போகும், அனுப்பலாமா? இரண்டு நாள் கழித்து அந்த வரி காணாமல் போயிருந்தது. கூடுதலாக ஒரு தட்டு என்பது எரிச்சல், சிட்டாகப் பறக்க வேண்டாமா என்று பளிச் எடுக்கச் சொல்லிவிட்டதாகத் தாடி சொன்னான். அதற்குப் பதிலாகச் செய்தியின் மேல் ஒரு சின்னக் குருவி தத்தித் தத்திப் போவது போல் ஒரு படம் சேர்த்திருந்தார்கள். புதிய பதிப்பை அறிமுகம் செய்யும் சுற்றறிக்கையும் அவள்தான் எழுத வேண்டியிருந்தது. எழுதினாள்: உங்கள் குருவி இப்போது இன்னும் உயரப் பறக்கிறது. அதைப் படித்து அம்மா கண்டுபிடிக்கக் கூடாதே என்று மட்டும் இருந்தது.

அந்த வாரம் அம்மா கேட்டாள். துணி காயப்போட்டுக்கொண்டே, புது ஸ்கிரீன் வருதாமே, எங்களுக்கு ஏதாவது மாறுதா என்று. அலுவலகத்துத் தோல்வியை வீட்டிலும் ஒரு தடவை விரித்துப்போட அவளுக்குத் தெம்பு இல்லை. தோற்றதைச் சொன்னால், எதற்காகப் பேசாமல் இருந்தாய் என்று அம்மா கேட்பாள்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. பேரெல்லாம் அதேதான்" என்றாள்.

பத்து நாள் கழித்து ஒரு மதியம் அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. அம்மா ஷிஃப்ட் முடியாமல் வந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமல் பையில் கனத்தது. செருப்பைக் கழற்றி, அதை நேராக வைத்து, பிறகு மறுபடி குனிந்து இன்னும் நேராக வைத்தாள்.

"குருவிலதான்டி போட்டேன்" என்றாள். "தெனமும் போடறதுதானே."

அம்மா எழுதியது இதுதான்: ஆபரேஷன் துணியில் கறை போகவில்லை. சோப்பு தண்ணி மாதிரி இருக்கிறது. மேலே சொன்னால் காதில் ஏறாது. நீங்களே இன்னொரு தடவை போட்டு எடுங்கள். அடுத்த ஷிஃப்ட் பெண்களுக்கு ஒரு மடிப்பு மேசைக்காரி எழுதக்கூடிய மிக நேர்மையான நாலு வரி. அது இருபத்திரண்டு வார்டுகளின் திரைகளிலும், வெளிநோயாளிகள் கூடத்தில் முந்நூறு பேர் தலைக்கு மேலே இருந்த பெரிய திரையிலும், நாற்பது நிமிடம் நின்றது. மேலே குருவி தத்திக்கொண்டே இருந்தது. யாரோ படம் எடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்குப் பட்டியலில் இருந்த இரண்டு பேர் எழுந்து வேறு மருத்துவமனைக்குப் போய்விட்டார்கள். சோப்பு தண்ணீர் மாதிரி இருந்ததா என்று மட்டும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

நிர்வாக அதிகாரி அம்மாவை நிற்கவைத்தே விசாரித்திருக்கிறார். புதிய வசதியைப் பற்றிச் சுற்றறிக்கை வந்ததே, படிக்கவில்லையா என்று கேட்டிருக்கிறார். குருவி உயரப் பறக்கிறது என்றுதான் போட்டிருந்தது என்று அம்மா சொன்னாளாம். அவருக்கு அது கிண்டலாகப் பட்டிருக்கிறது. கடைசியில் இரங்கி ஒன்று சொன்னார். மென்பொருள் நிறுவனத்திடம் அறிக்கை கேட்டிருக்கிறோம். தப்பு அவர்கள் பக்கம் என்று எழுதிவந்தால் நீங்கள் திரும்ப வரலாம். அதுவரை வீட்டில் இருங்கள்.

"உங்க கம்பெனின்னு நான் சொல்லிக்கல" என்றாள் அம்மா. "எதுக்கு உன்ன இழுக்கணும்."

பேரெல்லாம் அதேதான் என்று சொன்னாயே என்று அம்மா கேட்பாள் என அவள் காத்திருந்தாள். அன்று கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தொலைத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் பளிச் அவளைக் கூப்பிட்டார். அறிக்கை எழுத வேண்டும், புரிகிற மாதிரி எழுதத் தெரிந்தவர் நீங்கள்தான் என்றார். அவளுக்கு உள்ளே ஏதோ நிமிர்ந்தது. இதைவிட நல்ல கை யாருக்குக் கிடைக்கும்? அம்மாவின் வேலை அவள் எழுதப்போகும் இரண்டு மூன்று பக்கத்தில் இருந்தது. தாடியிடம் போய்ப் பதிவுகளை எடுத்துத் தரச் சொன்னாள். அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். திரையைத் தொட்டதிலிருந்து குருவியை அழுத்தியதுவரை நாலு நொடி.

"யோசிக்கவே இல்ல பாரு" என்றான். "கை தானாப் போயிருக்கு. மூணு வருஷமாப் போன எடத்துக்கு."

எல்லாவற்றையும் எழுதினாள். முதல் வரியே: இந்தச் சம்பவத்துக்குக் காரணம், மூன்று வருடமாக ஒரு வசதிக்கு வழங்கிய பெயரை வேறொரு வசதிக்கு மாற்றியது. நாலு நொடி கணக்கு, காணாமல் போன கேள்வி, ஒன்றும் சொல்லாத சுற்றறிக்கை. அதை எழுதியது தான் என்பதையும் எழுதினாள். அவ்வளவு நாளும் அவள் எழுதியவற்றில் அதுதான் சுத்தமான எழுத்து.

பளிச் பொறுமையாகப் படித்தார். கதவைச் சாத்தினார்.

"ஒரு வார்த்த தப்பு இல்ல இதுல. ஆனா அனுப்ப முடியாது" என்றார். இது போனால் ஒப்பந்தம் போகும், இதைக் காட்டி மற்ற மருத்துவமனைகளும் போகும், இந்த மாடியில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். பொய் எழுதச் சொல்லவில்லை, பயனருக்குப் பயிற்சி போதவில்லை என்று எழுதினால் அதுவும் உண்மைதானே என்றார். அதுவும் உண்மைதான். அதுதான் கொடுமை.

"அந்தம்மாவுக்கு வேல போயிடும் சார்."

"எந்தம்மா?" அவர் நிஜமாகவே விழித்தார். "பயனர் யாருன்னு நமக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. அதான முறை."

எங்கள் அம்மா சார். மூன்றே சொல். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. சொல்லியிருந்தால் நாற்காலியில் சாய்ந்திருப்பார், யோசித்திருப்பார், ஏதாவது வழி தேடியிருப்பார். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த நர்ஸ் எங்கே போனார் என்ற கேள்வி முதலில் வரும். மூன்று வருடத்தில் அந்த நர்ஸுக்கு ஷிஃப்ட் விவரம்வரை அவள் சொல்லிவைத்திருந்தாள். அந்த நேரத்தில் தன்னைத் தடுத்தது நாற்பது பேரின் பிழைப்பு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றினால் வசதியாக இருந்தது என்பது பிற்பாடு புரிந்தது.

சொல்வதற்குப் பதிலாகப் பேரம் பேசினாள். ஒரே ஒரு வாக்கியம் இருக்க வேண்டும் என்றாள்: இதே பெயர் முந்தைய பதிப்பில் வேறொரு வசதிக்கு வழங்கியது. அரைமணி நேரம் போராடினாள். கடைசியில் பளிச் சரி என்றார், மூன்றாம் பக்கத்தில். மற்றதையெல்லாம் அவர் கேட்டபடி அவளே மாற்றி எழுத ஒப்புக்கொண்டாள். வெளியே வரும்போது ஏதோ ஜெயித்துவிட்டதாக அவளுக்குக் கால் லேசாக இருந்தது. அந்த லேசை இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை.

நிர்வாக அதிகாரி முதல் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார். முதல் வரியில், காரணம் என்ற சொல்லுக்கு நேரே, பயனர் என்று இருந்தது. அதற்கு மேல் அவருக்கு என்ன வேண்டும்?

அம்மாவை வேலையிலிருந்து நீக்கும் கடிதம் வந்த வாரத்திலேயே அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைக் கூட்டம் வந்தது. பளிச் சுவரின் முன் நின்று, நடந்ததிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். குருவியை எடுத்துவிடுகிறோம். புதிய பெயர் அவருக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது தோன்றியதாம்: வார்டுகளுக்கு அறிவிப்பு. சிம்பிளா, பளிச்சுனு இருக்கு என்று யாரோ சொன்னார்கள். தாடி அவளைப் பார்த்தான். அவள் ஒட்டுத்தாளைப் பார்த்தாள். அனுப்பும் முன் கேட்கிற கேள்வியும் திரும்ப வந்தது, அவள் எழுதிய அதே சொற்களில். இனி எடுத்த பெயரை மறுபடி எதற்கும் வைப்பதில்லை என்று நிறுவனத்தின் கையேட்டில் ஒரு விதி சேர்ந்தது. விதியை எழுத அவளையே பணித்தார்கள். கூட்டம் முடியும்போது அவளுக்குப் புதிய பதவி அறிவித்தார்கள்: பெயரிடல் பொறுப்பாளர். கைதட்டினார்கள்.

"வாழ்த்துக்கள் அகராதி" என்றான் தாடி, கைதட்டாமல்.

அந்த ஞாயிறு வீட்டில் விரிப்புகள் காய்ந்திருந்தன. அம்மா அவற்றை அள்ளிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டாள். வேலை இல்லாத மூன்று வாரத்தில் வீட்டில் இருந்த துணியெல்லாம் இரண்டு தடவை துவைக்கப்பட்டுவிட்டது. அலமாரியில் போர்வைகள் எல்லாம் மருத்துவமனை மடிப்பில், ஒரே அகலத்தில், ஓரம் உள்ளே திரும்பி, வரிசையாக இருந்தன. அம்மா விரிப்பின் இரண்டு முனையை எடுத்து அவளிடம் நீட்டினாள். நீட்டிக்கொண்டே, அலமாரியின் மேல் தட்டைக் கண்ணால் காட்டினாள். அங்கே நீக்கல் கடிதமும், அதோடு இணைத்துக் கொடுத்திருந்த மூன்று பக்க அறிக்கையும் இருந்தன. பிரித்துப் பிரித்துப் படித்ததில் மடிப்புகள் நைந்திருந்தன.

"அதுல பயனர், பயனர்னு வருதே" என்றாள் அம்மா. "நான்தானே அது?"

"ஆமாம்மா."

"பதினாலு தடவ வருது. எண்ணினேன்." விரிப்பை உதறினாள். "கிழவிக்குக்கூட ஒரு பேர் இருந்துச்சு. எழுதினது யாருன்னு கடைசில கையெழுத்துகூட இல்ல."

அவள் முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தூரம் ஒரு விரிப்பின் நீளம்.

"நான்தாம்மா எழுதினேன்."

அம்மா முகம் மாறவில்லை. எட்டுப் பேர் நிற்கும் மேசையில் நடப்பதுபோல் அவளை நோக்கி நடந்துவந்து, முனையோடு முனை சேர்த்து, அவள் விரல்களிலிருந்து துணியை வாங்கிக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "ரெண்டாவது பக்கத்துல 'புரிந்துகொள்ள முடியவில்லை'ன்னு இருந்துச்சு. வேற யாரா இருந்தாலும் 'இயலவில்லை'ன்னுதான் எழுதியிருப்பாங்க."

பாதி மடிப்பு கீழே தொங்கியது. அவள் குனிந்து அதன் ஓரத்தைப் பிடித்தாள். அம்மா அதைச் சரிபார்த்து, ஓரத்தை உள்ளே திருப்பி, மேலே ஏதாவது கறை இருக்கிறதா என்று பழக்கத்தில் ஒரு தடவை பார்த்தாள்.

"நல்லாப் புரியற மாதிரி எழுதியிருக்கே" என்றாள். "எனக்கே புரிஞ்சுது."

அடுத்த விரிப்பை எடுத்து, இரண்டு முனையை அவளிடம் நீட்டினாள்.